குடிக்காமல் வைத்த கோப்பை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ரொட்டியின் மேல் ஆணை, உப்பின் மேல் ஆணை, செத்தவர்கள் மேல் ஆணை, சாகாமல் இழுத்துக்கொண்டிருப்பவர்கள் மேலும் ஆணை. ஓர் ஆட்டின் கொம்பை ஒரு விரற்கடை நீட்டிச் சொல்லியிருந்தால்கூட, சொன்ன நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளட்டும்.

யத்தா ஊருக்குத் தெற்கே, குன்றுகள் மொட்டையாகிவிடும் இடத்தில் இருக்கிறது கிர்பத் அல்-ஜுர்ன். சில குகைகள், சில கூடாரங்கள், தகரக் கொட்டகைகள், மனிதர்களைவிட அதிகமாகச் செம்மறியாடுகள். அந்த வியாழக்கிழமை காலை அபூ ஸக்ர் முகம் கழுவ வெளியே வந்தபோது எதிர்க்குன்றின் மேல் மஞ்சள் நிறப் புல்டோசர் ஒன்று நின்றிருந்தது. அதன் பக்கத்தில் இரண்டு ஜீப்புகள், ஒரு கான்கிரீட் லாரி. லாரியின் வயிறு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

எதற்கு வந்திருக்கிறது என்று ஊரில் யாரும் யாரையும் கேட்கவில்லை. அபூ ஸக்ரின் மழைத்தண்ணிக் கிணற்றின் வாய்க்கல்லில் ராணுவம் உத்தரவு ஒட்டி ஒரு மாதமாகிறது. பாட்டன் பூட்டன் காலத்துக் கிணறு, பாறையைக் குடைந்தது. அதை அனுமதியில்லாமல் தூர்வாரி, அனுமதியில்லாமல் சாந்து பூசியது குற்றம். ஆகவே அதன் வாய் மூடப்படும்.

முந்தின நாள் பெத்லஹேமிலிருந்து வக்கீல் ஃபோனில் சொல்லியிருந்தார்: "ஞாயித்துக்கிழமை கோர்ட்டுல தடை கேக்கறேன் அபூ ஸக்ர். கிடைக்கும். ஆனா ஞாயிறு வரைக்கும் கிணறு கிணறா இருக்கணும். கான்கிரீட் ஊத்தின கிணத்துக்குத் தடை வாங்கி நான் என்ன செய்ய, சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டிக்கவா?"

வெள்ளியும் சனியும் ராணுவ அலுவலகத்துக்கு விடுமுறை. புல்டோசர் ஓட்டுகிறவனும் கூலிக்காரன்தான். வியாழன் பிற்பகல் வேலை நேரம் முடிந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும். எப்படித் தாக்குப்பிடிப்பது என்பதுதான் தெரியவில்லை. அபூ ஸக்ரின் மச்சான் ஈத், புல்டோசருக்கு முன்னால் படுத்துக்கொள்ளலாம் என்றான்.

"போன தடவை படுத்த. என்ன ஆச்சு?" என்றார் அபூ ஸக்ர்.

"தூக்கி ஓரமா வெச்சுட்டு வேலைய முடிச்சாங்க."

"அப்ப ஓரமாவே போய்ப் படு. அவங்களுக்கும் வேலை மிச்சம்."

அந்த நேரத்தில்தான் பேருந்து வந்தது. வெள்ளைப் பேருந்து, குளிரூட்டியது, கண்ணாடியெல்லாம் பளபளவென்று. வழியில் ஒரு கல்கூடத் தடுக்காமல் நேராகக் கூடாரத்துக்கு முன்னால் வந்து நின்று பெருமூச்சு விட்டது. கதவு திறந்து பத்திரிகைக்காரர்கள் இறங்கினார்கள். பல நாடுகள், பல நிறங்கள், ஒரே மாதிரி தொப்பி. ஆக்கிரமிப்பின் கீழ் அன்றாட வாழ்க்கை எப்படியிருக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறார்களாம்.

எதிர்க்குன்றில் அதிகாரி கையை உயர்த்தினான். அசையத் தொடங்கிய புல்டோசர் நின்றது. அத்தனை கேமராவுக்கு முன்னால் கிணற்றை மூடினால் மேலிடத்தில் கேள்வி வரும். அதனால் பேருந்து போகட்டும் என்று காத்திருப்பார்கள். இதை அபூ ஸக்ர் பார்த்தார், ஈத் பார்த்தான், அபூ ஸக்ரின் மனைவி உம் ஸக்ரும் பார்த்தாள்.

வழிகாட்டி நிஹாத் ராமல்லாவில் படித்த பையன். கைகுலுக்கிவிட்டு, "முக்கா மணி நேரம் இருப்போம் பெரியவரே. அப்புறம் கண்ணாடிப் பட்டறை, அப்புறம் சாப்பாடு," என்றான்.

"முக்கா மணியா? இங்க காப்பிக்கொட்டை வறுக்கவே அவ்வளவு நேரமாகுமே."

"வறுத்தது வீட்ல இருக்காதா?"

"இருந்துச்சு. நேத்து ராத்திரி அந்தக் கிடாய் தின்னுடுச்சு. பாரு, இன்னும் தூங்காம நிக்குது."

கிடாய் நின்றுகொண்டுதான் இருந்தது. நிஹாத் கிடாயைப் பார்த்தான், எதிர்க்குன்றைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

கூடாரத்தில் கம்பளம் விரித்தார்கள். ஈத் கொட்டையை வறுக்கத் தொடங்கினான். பச்சைக் கொட்டையை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிடமும் நலம் விசாரித்த பிறகு சட்டியில் போடுவதுபோல வறுத்தான். பிறகு மர உரலில் போட்டு இடித்தான். அந்த இடி தாளம் தப்பாமல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை வீட்டில் விருந்தாளி இருக்கிறார் என்று அர்த்தம். குன்றுக்கு அப்பால்வரை கேட்கும்.

அபூ ஸக்ர் நடுவில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். அந்தப் பக்கத்து ஊர்களில் அவர் வாயைத் திறந்தால் ஆட்டுக்காரர்கள் ஆட்டை விட்டுவிட்டு வந்து உட்காருவார்கள்.

"எங்க கிணறு ரொம்ப ஆழம். வாளி விட்டா சில நாள் துருக்கிப் பட்டாளத்துக்காரன் தொப்பி வரும். சில நாள் இங்கிலீஷ்காரன் பூட்ஸ் வரும். எல்லாத்தையும் துடைச்சு வெச்சிருக்கோம். இவங்க இரும்புத் தொப்பியும் ஒரு நாள் வரும், அதுக்கும் ஆணி அடிச்சு வெச்சிருக்கேன்."

நிஹாத் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் மொழிபெயர்த்தான். பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள்.

"அதோ அந்தச் சேவல். ஊரடங்கு முடியறதுக்கு முன்னாடி கூவிடுச்சுன்னு பிடிச்சிட்டுப் போனாங்க. குற்றப்பத்திரிகை கிடையாது, விசாரணை கிடையாது. சும்மா உள்ள வெச்சாங்க. வெளிய வந்தப்போ ஹீப்ருல கூவுது. எங்க கோழிங்க ஒண்ணுகூட அதோட பேசல. உளவாளியோன்னு பயம்."

தடித்த கேமராக்காரர் ஒருவர், சேவல் எந்தச் சிறையில் இருந்தது என்று கேட்டார். "அதை அது சொல்ல மாட்டேங்குது," என்றார் அபூ ஸக்ர் வருத்தத்துடன். "அங்க என்ன செஞ்சாங்களோ."

காப்பி வந்தது. ஈத் இடது கையில் குடுவை, வலது கையில் சிறு கோப்பைகளுடன் ஒவ்வொருவராகப் போய் ஊற்றினான். போதும் என்றால் விருந்தாளி கோப்பையை லேசாக ஆட்டிவிட்டுத் திருப்பித் தர வேண்டும். ஆட்டாவிட்டால் ஊற்றுகிறவன் ஊற்றிக்கொண்டே இருப்பான். வந்தவர்களுக்கு இது தெரியாது. தெரிந்த நிஹாத் தன் கோப்பையை ஆட்டிவிட்டுக் கூடாரத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் நன்றி சொல்லச் சொல்ல ஈத் ஊற்றினான். கண்கள் வட்டமாகின. ஒருவருக்குக் கை நடுங்கியது. அவருடைய கோப்பை மட்டும் தற்செயலாக ஆடியதால் அவர் தப்பித்தார்.

"பிள்ளைங்க இருக்காங்களான்னு கேக்கறாங்க," என்றான் நிஹாத்.

"ஒரே பையன். ஸக்ர். அவன் பேர வெச்சுத்தான் ஊர் எங்களைக் கூப்பிடுது. சிலி நாட்டுல செருப்புக் கடை வெச்சிருக்கான். நல்லா குண்டாயிட்டான். இடது கால் செருப்பு மட்டும்தான் விக்கறான். வலது காலுக்கு எதிர்க் கடைக்குப் போகணும், அதுவும் அவனோடதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். உம் ஸக்ர் எழுந்து வெளியே போனாள். சிலி என்ற பேச்சு வந்தால் அவள் எப்போதும் வெளியே போய்விடுவாள். ஆட்டைப் பார்க்கப் போவாள், அல்லது ஒன்றையும் பார்க்காமல் நிற்பாள்.

வெயில் ஏறியது. எதிர்க்குன்றில் அதிகாரி நடை போட்டுக்கொண்டிருந்தான். லாரியின் வயிறு சுற்றிக்கொண்டேயிருந்தது. பேருந்து ஓட்டுநர் ஹார்ன் அடித்தார், மறுபடி அடித்தார். பத்திரிகைக்காரர்கள் தொப்பியை எடுத்து மாட்டத் தொடங்கினார்கள். நிஹாத் அபூ ஸக்ரைப் பார்த்து, இனி என் கையில் இல்லை என்பதுபோலத் தோளைக் குலுக்கினான். அபூ ஸக்ரின் வாயில் கதை வற்றிவிட்டது. எழுபது வருஷத்தில் அது முதல் தடவை. நாக்குக்கு அடியில் தேடினார், ஒன்றும் இல்லை.

அப்போதுதான் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி தன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

மார்கிட் என்று பெயர். நரைத்த தலை, ஒட்டிய கன்னம். காலையிலிருந்து அவள் ஒரு வார்த்தை எழுதவில்லை. கூடாரத்தின் இடுக்கு வழியாக எதிர்க்குன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது ஊற்றிய காப்பியை வாயில் வைக்காமல், நிறைந்த கோப்பையைத் தனக்கு முன்னால் கம்பளத்தில் வைத்துவிட்டு, கைகளை மடியில் கட்டிக்கொண்டாள்.

அடுத்த சுற்றுக்குக் கொட்டை இடித்துக்கொண்டிருந்த ஈத் கையை நிறுத்தினான்.

பெண் கேட்டு வருகிறவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். கொலைக்குச் சமாதானம் பேச வருகிறவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். கோப்பை நிற்கிறது என்றால் விருந்தாளிக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. வீட்டுக்காரர் அதைக் கேட்க வேண்டும், கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகுதான் விருந்தாளி குடிப்பார். குடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. அரசனே வாசலில் நின்றாலும் கூடாது.

"தெரியாம வெச்சிருப்பாங்க," என்று கிசுகிசுத்தான் ஈத்.

"தெரிஞ்சுதான் வெச்சேன்," என்றாள் மார்கிட், சுத்தமான அரபியில். "அம்மான் நகரத்துல இருபது வருஷம் குடியிருந்தவ நான். அபூ ஸக்ர், எனக்கு உங்ககிட்ட ஒரு விண்ணப்பம் இருக்கு."

அபூ ஸக்ர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேளுங்க. குடுத்தாச்சு. காப்பியக் குடிங்க." வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது, சொன்ன பிறகுதான் குன்றின் மேல் புல்டோசர் நிற்பது நினைவுக்கு வந்தது. அவள் குடித்துவிட்டால் முடிந்தது.

"ஒரே ஒரு உண்மை சொல்லுங்க. அது போதும். காலையிலிருந்து நீங்க ஒண்ணுகூடச் சொல்லல."

"உண்மையா? சேவல் விஷயம் உண்மைதானே."

மார்கிட் கோப்பையைத் தொடவில்லை.

"சரி, சேவல் இல்ல, அது வெறும் கோழி," என்றார் அபூ ஸக்ர்.

தொடவில்லை.

"எனக்கு எழுபது வயசு."

"ரெண்டு வயசு குறைச்சுச் சொல்றாரு," என்று வெளியிலிருந்து உம் ஸக்ரின் குரல் வந்தது.

மார்கிட் சிரித்தாள், ஆனாலும் தொடவில்லை. நிஹாத் குனிந்து, "மேடம், கண்ணாடிப் பட்டறையில காத்திருக்காங்க," என்றான். "என் கோப்பை நிக்குது தம்பி," என்றாள் அவள். நிஹாத் உடனே உட்கார்ந்துகொண்டான். அவன் அப்பாவும் இந்தக் குன்றுகளில் பிறந்தவர்தான். அப்போதுதான் அபூ ஸக்ருக்குப் புரிந்தது: இவள் உண்மையைக் கேட்டு வந்தவள் மட்டுமில்லை, நேரத்தைக் கொடுக்க வந்தவள். அவர் சாவகாசமாகத் தாடியைத் தடவிக்கொண்டு, உண்மைகளை ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தார். கிடாயின் வயதைச் சொன்னார். கூடாரத்தின் விலையைச் சொன்னார். ஈத் சின்ன வயதில் கழுதையிலிருந்து எத்தனை தடவை விழுந்தான் என்பதைச் சொன்னார். கோப்பையின் மேல் ஆடை கட்டியது.

எதிர்க்குன்றில் பொறுமை போய்விட்டது. அதிகாரியே இறங்கி வந்தான், மீசை சரியாக முளைக்காத பையன். பின்னால் துப்பாக்கியுடன் ஒரு சார்ஜென்ட். ஸுவேலிம் என்று பெயர், தெற்கே பாலைவனத்துப் பெதூன் என்னும் அரபு நாடோடி இனத்தவன், படையில் தடம் பார்ப்பவன்.

"இது மூடிய ராணுவப் பகுதி. எல்லாரும் பேருந்துல ஏறணும். உடனே!" என்று அதிகாரி கத்த, கேமராக்கள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின.

சார்ஜென்ட் தலையைக் குனிந்து கூடாரத்துக்குள் நுழைந்தான். நுழைந்ததும் வாய் தன்னாலே ஸலாம் சொல்லிவிட்டது. யாரை முதலில் எழுப்புவது என்று பார்த்தவன், கம்பளத்தில் நின்ற கோப்பையைக் கண்டான். எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"என்ன?" என்றான் அதிகாரி.

"சார், அந்தம்மா கோப்பை நிக்குது."

"அதுக்கு?"

"கோரிக்கை இன்னும் முடியல சார். முடியறவரைக்கும் எழுப்பக் கூடாது."

"எந்தச் சட்டத்துல இருக்கு?"

"சட்டத்துல இல்ல சார். எங்கம்மா காதுல விழுந்தா என்னை வீட்டுக்குள்ள விட மாட்டாங்க."

அதிகாரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெளியே போய் மேலிடத்துக்கு ஃபோன் போட்டான். மேலிடம் அவனை வேறோர் அலுவலகத்துக்குத் திருப்பியது. கோப்பை தண்ணீர்த் துறையின் கீழ் வருமா, பாதுகாப்பின் கீழ் வருமா, மத விவகாரமா என்று அங்கே கேட்டார்கள். "காப்பி," என்று அவன் சொல்வது கூடாரத்துக்குள் கேட்டது. "இல்ல சார், குடிக்கல. அதுதான் பிரச்சினை."

உம் ஸக்ர் உள்ளே வந்து ஸுவேலிமுக்கு ஒரு கோப்பை ஊற்றினாள். அவன் துப்பாக்கியைத் தோளில் தள்ளிவிட்டு, வலது கையால் வாங்கிக் குடித்தான்.

"அம்மா இருக்காளா மகனே?"

"இருக்காங்க, அத்தை."

"ஃபோன் பண்றியா?"

"வாரத்துல ஒரு தடவை."

"தினமும் பண்ணு," என்றாள். அவன் கோப்பையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய் நின்றுகொண்டான்.

நிழல் நீண்டது. பேருந்து ஓட்டுநர் தூங்கிவிட்டார். பிறகு எதிர்க்குன்றின் மேல் ஒரு சத்தம் நின்றது. காலையிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது மறந்துபோன சத்தம். அது நின்ற பிறகுதான் அதுவரை இருந்தது தெரிந்தது. புல்டோசர் ஓட்டுகிறவன் இறங்கி, கையைத் துணியில் துடைத்து, தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினான். கான்கிரீட் இறுகிவிடுமே என்று லாரிக்காரன் வழியெல்லாம் திட்டிக்கொண்டே திரும்பினான். ஜீப்புகளும் போயின.

ஈத் கூடாரக் கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"இனி எதை வேணும்னாலும் சொல்லலாம் அபூ ஸக்ர்," என்றாள் மார்கிட் மெல்ல. "நான் குடிச்சிடறேன்."

உண்மைதான். சேவல் கதையை மறுபடி சொன்னாலும் அவள் குடிப்பாள். அபூ ஸக்ர் வாயைத் திறந்தார். சிலி நாக்கு நுனியில் வந்து நின்றது. கடைக்கு ஒரு கிளை திறந்து, பேரனுக்குப் பெயரும் வைத்துவிடலாம். ஆனால் கொடுத்தாயிற்று என்று அவர் வாய் சொல்லியிருந்தது; கோப்பை நின்றுகொண்டிருந்தது. மனைவியைப் பார்த்தார். இந்தத் தடவை அவள் வெளியே போகவில்லை.

"சொல்லு," என்றாள்.

"ஸக்ர் சிலியில இல்ல," என்றார் அபூ ஸக்ர். "மூணு குளிர்காலம் ஆச்சு. வேலைக்குப் போக எல்லை வேலியில இருந்த ஓட்டை வழியாப் போனான். எல்லாரும் போற ஓட்டைதான். அன்னிக்குச் சுட்டாங்க. உடம்பைக் குடுக்கல. எங்கயோ ஐஸ்பெட்டியில இருக்கான்னு சொல்றாங்க, எங்கன்னு சொல்ல மாட்டாங்க. மண் போட எங்களுக்கு ஒரு குழிகூட இல்ல."

யாரும் எழுதவில்லை.

"கிணத்துக்குச் சாந்து பூசினது அவன்தான். ஈரம் காயறதுக்குள்ள, அடியில, விளையாட்டுக்குத் தன் கையை வெச்சு அமுக்கினான். நான் திட்டினேன், சாந்து வீணாகுதுன்னு. கோடை முடிஞ்சு தண்ணி அடிக்குப் போகும்போது அந்தக் கை தெரியும். இவ கயிறு பிடிச்சு இறங்குவா. தன் கையை அதுல வெச்சுப் பார்த்துட்டு வருவா. மழை வந்ததும் மறுபடி மூடிக்கும்." கம்பளத்தின் ஓரத்தை நீவிவிட்டார். "தண்ணிக்காகத்தான் இந்தக் கிணத்தைக் கேக்கறோம்னு வக்கீல்கிட்ட சொல்லியிருக்கேன். ஆட்டுக்குத் தண்ணி வாங்கிக்கலாம் அம்மா. விலை அதிகம், ஆனா வாங்கிக்கலாம்."

மார்கிட் கோப்பையை எடுத்தாள். ஆறிப்போய், அடியில் மண்டி தங்கி, ஆடை கட்டிய காப்பி. கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கோப்பையை ஆட்டி, இரண்டு கையாலும் உம் ஸக்ரிடம் கொடுத்தாள். உம் ஸக்ர் அதைக் கழுவ எடுத்துப் போகவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பேருந்து கிளம்பியது. வந்ததுபோலவே ஒரு கல்லும் தடுக்காமல், தூசியை மட்டும் விட்டுவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றம் தடை கொடுத்தது. வக்கீல் ஃபோனில் அழுதார். ஈத் ஓர் ஆட்டை அறுத்தான். கோடை முடிந்து தண்ணீர் வற்றியதும் உம் ஸக்ர் கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கினாள். அபூ ஸக்ர் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் கை அந்தக் கையைத் தொடும்வரை மூச்சை அடக்கி நின்றார்.

கிர்பத் அல்-ஜுர்னுக்கு வரும் ஒரே சாலையை, ஸக்ர் இறந்த அதே வாரத்தில் ராணுவம் மண் கொட்டி அடைத்தது. அதற்குப் பிறகு எந்தப் பேருந்தும், வெள்ளைப் பேருந்துகூட, அந்த ஊருக்கு வந்ததில்லை.